பின் சீட்டில் காஸ் வாடை

"மூணாவது தடவை வர்றேன். இன்னமும் காஸ் நாறுது. எங்க அடுக்ககத்துல பத்து பேர் காரை காஸுக்கு மாத்தணும்னு காத்துட்டு இருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க."

வங்கி மேனேஜர் எகிறிக்கொண்டிருந்தார். நானும் என் பெட்ரோல் காரை காஸுக்கு மாற்றத்தான் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தேன். வந்த இடத்தில் இலவசமாக ஒரு சண்டை. வேடிக்கை பார்க்க எனக்குக் கசக்குமா?

பின் சீட்டில் அவருடைய அப்பா, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அவரை நூலகத்தில் இறக்கிவிட்டுத்தான் மேனேஜர் வங்கிக்குப் போவாராம்.

மெக்கானிக் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே இருந்த சிலிண்டர், குழாய் என்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குனிந்து பார்த்தார். ஒரு குமிழ்கூட வரவில்லை. அப்புறம் பின்கதவைத் திறந்து, பெரியவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, சீட்டு இடுக்கில் கையை விட்டார். பெரியவர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

நிமிர்ந்த மெக்கானிக் எதையோ எண்ணெய்த் துணியில் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"தப்பு என் மேலதான் சார். ஒரு நட்டைச் சரியா முறுக்காம விட்டுட்டேன்."

"அப்படி வா வழிக்கு. அந்தப் பத்து காரையும் இன்னியோட மறந்துடு" என்று மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

காஸ் விஷயத்தில் நட்டை முறுக்காமல் விடுகிற ஆளா! சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆனால் கிளம்பவில்லை. நாலு வார்த்தை கேட்காமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

மெக்கானிக் அசரவில்லை. பின் சீட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். மூடிக்கு ரப்பர் வாஷர் வேறு. பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மேனேஜர் வந்து மோப்பம் பிடித்தார். நாற்றம் போயிருந்தது.

"இதை மொதல்லயே பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கணும் சார். இனிமே சனிக்கிழமை தோறும் வண்டியைக் கொண்டு வாங்க. சும்மாவே செக் பண்ணித் தரேன்."

கார் போனதும் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குமிழ்கூட வரவில்லையே, நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், எந்த நட்டு ஐயா லூசாக இருந்தது என்று கேட்டேன்.

அவர் எண்ணெய்த் துணியைப் பிரித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவித்த முட்டைகள். பத்துக்குக் குறையாது.

"வண்டியில போகும்போது சாப்பிடட்டும்னு மருமக விடியக்காலைல எந்திரிச்சு தினம் ஒண்ணு அவிச்சுக் குடுக்கறாங்களாம். பெரியவருக்கு முட்டைன்னாலே குமட்டுமாம். வேலைக்கும் போயிட்டு இவ்வளவு செய்யற பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு வாயத் திறக்கல. மகன்கிட்ட சொல்லிடாதப்பான்னாரு. வேற என்ன சார் பண்றது?"

பையிலிருந்து சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

"கசிவே இல்லையே, அப்புறம் வாராவாரம் எதுக்கு செக்கப்?"

"டப்பாவுல ஆறு முட்டைக்கு மேல பிடிக்காது சார்."