ஊருணிக்கரை மந்திரம்

கல்லைப் பார்த்ததும் பூவனலிங்கம் இதுவா அது என்று முழித்தார்.

கோவில்பட்டியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிற பேராசிரியர் அவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று மூன்றில், புதூருக்குக் கிழக்கே இந்த ஊருணிக்கரையில் அவர் கண்டபோது அது வெறும் கல்வெட்டு. சீந்த ஆளில்லாமல் கிடந்தது. இப்போது சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, தகரக் கொட்டகை, போதாக்குறைக்கு ஒரு குழாய் ரேடியோ. எழுத்து இருந்த இடத்தில் விரற்கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்.

இந்த ஊருணியை வெட்டியது ஒரு பெண். அதுவும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். அன்றைக்கே எழுத்துத் தெரிய மாவு தேய்த்து, பெயரை வாசித்து நோட்டில் எழுதிவிட்டார். மறுநாள் திருநெல்வேலிக்குப் போகிற வழியில் கடம்பூர் ஸ்டேஷனில் போளி வாங்க இறங்கினார் பாருங்கள், ரயில் நோட்டைத் தூக்கிக்கொண்டு மணியாச்சிக்குப் போய்விட்டது. கையில் மிஞ்சியது போளிதான். கல் எங்கே ஓடிவிடப் போகிறது, புத்தகம் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவருடைய புத்தகம் அச்சுக்குப் போகிறது. பெயர் தெரியாத பெண்ணுக்கு எதற்கு ஒரு பக்கம், எடுத்துவிடலாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். ஜமீன்தார்களுக்கு நாற்பது பக்கம் கொடுத்த புத்தகத்தில் இவளுக்கு ஒரு பக்கம் கிடையாதா? பூவனலிங்கத்துக்கு மனசே ஆறவில்லை. தொலைத்த பாவி தான்தானே என்ற வருத்தம் வேறு.

"அஞ்சே நிமிஷம் துடைச்சுப் பாத்துக்கிடுதேனே, தாயி" என்று கெஞ்சினார்.

பூசாரி அழகுத்தாய் சூடத்தட்டைக் குறுக்கே நீட்டினாள்.

"தொட்டிராதிய சார். ஒரு மகான் வந்து எழுப்பிட்டுப் போன சாமி இது. அன்னைக்கு நான் இங்கனதான் ஆடு மேச்சுக்கிட்டு இருந்தேன். அவிய ஓதுன மந்திரத்தச் சொல்லி நான் மட்டுந்தான் தொடணும்."

மகானாம், மண்ணாங்கட்டியாம்! எவனோ நன்றாக ஏய்த்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த மாதிரி ஆட்களால்தான் வரலாறு உருப்படாமல் போகிறது என்று பூவனலிங்கம் பல்லைக் கடித்தார்.

உச்சிப் பூசைக்கு மணி அடித்தது. இருபது பெண்கள் எழுந்து நின்றார்கள்.

அழகுத்தாய் கல்லின் மேல் தண்ணீர் தெளித்தாள். வெள்ளை மாவை அள்ளித் தேய்த்தாள். பிறகு தரையில் குப்புறப் படுத்து, கல்லின் அடியில் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை கனைத்தாள்.

பூவனலிங்கத்துக்கு இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அவள் ராகம் போட்டு ஓத ஆரம்பித்தாள்.

"ஸ்வஸ்தி ஸ்ரீ... பூதங்கோன் மகள்... இது நாவா, தாவா... நாதான், நாதான்... நங்கை... காளி நங்கை வெட்டின ஊருணி... அப்பாடா..."

காளி நங்கை! அவளேதான்! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொலைத்த பெயர்!

பூவனலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகப் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார். தாள் மங்கலாகத் தெரிந்தது. பதறிப்போய்ச் சட்டைப்பையைத் தட்டினார். இடுப்பைத் தட்டினார். நெற்றியைத் தட்டினார். கண்ணாடி அங்கேதான் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அழகுத்தாய் எழுந்து, மந்திரத்தின் கடைசி வரியை உச்சக் குரலில் இழுத்தாள்.

"அடடா... கண்ணாடிய எங்க வச்சேன்..."

இருபது பெண்களும் பக்தியோடு நெஞ்சைத் தட்டி, இடுப்பைத் தட்டி, நெற்றியைத் தட்டிக் குலவை போட்டார்கள்.

அழகுத்தாய் அவருக்குத் திருநீறு கொடுத்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"பரவாயில்லையே சார், மொதத் தடவையே மொறை தப்பாமக் கும்பிட்டுட்டியளே!"