வெடிக்காத பலகை

இரும்புக் குழாயின் மேல் தெளித்த தண்ணீர் துள்ளி ஓடியதைப் பார்த்ததும், பலகை வளைக்கச் சூடு பதத்துக்கு வந்துவிட்டதென்று வள்ளம் கட்டுகிற அல்பேர்ட் ஓடாவியார் கண்டுகொண்டார்.

கீழே சிரட்டை நெருப்பு. பக்கத்தில் ஈரத்துணியோடு மகள் புனிதம்.

மகளுக்காகச் செய்கிற கிற்றாரின் ஒரு பக்கம் முதல் நாளே வளைந்து கொட்டிலில் தொங்குகிறது. மற்றப் பக்கம்தான் மானத்தை வாங்குகிறது. இடுப்பு வளைவுக்கு வரும்போதெல்லாம் பலகைக் கீற்று படீரென்று வெடித்துவிடுகிறது.

இப்போது கையில் இருப்பது கடைசிக் கீற்று. இது வளைந்தால் கிற்றார் முடிந்துவிடும். கிற்றார் முடிந்தால் புனிதம் பரந்தன் போய், யாழ்ப்பாண பஸ் ஏறி, கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுவாள்.

நெருப்புக் காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் உமக்கே தருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவள் தாய் யூலிற்றா. பிள்ளை பிழைத்து வளர்ந்தாள். நேர்த்தியும் கூடவே வளர்ந்தது. மாதாவுக்குக் கொடுத்த சொல்லை யார் மாற்றுவது? அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கோயில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய பிறகு மடத்துப் பாட்டுக்குக் கிற்றார் தேவைப்பட்டது. என் பிள்ளை வெறுங்கையோடு வரமாட்டாள், கிற்றாரோடுதான் வருவாள் என்று ஓடாவியார் சுவாமியாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அதுதான் இப்போது ஊருக்குப் பொழுதுபோக்கு. வள்ளத்துக்கு இரண்டங்குலப் பலகையை வளைக்கிற மனிதனுக்கு, அப்பளம் போன்ற கீற்று வளையாதா? மகளை விட மனமில்லாமல் தானே முறிக்கிறார் என்று மீன் ஏலம் கூறுகிற இடமெல்லாம் கதை.

கேட்டுக் கேட்டு அவருக்கே தன் கைகளில் சந்தேகம் வந்துவிட்டது. விட மனமில்லை என்பது உண்மைதானே. செய்தேனோ தெரியாது சுவாமி, எதற்கும் சொல்லி வைக்கிறேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துவிட்டார்.

பிறகு யோசித்ததில், இது ஊராரின் நாவூறு என்று பட்டது. கீற்றைக் கிணற்றடித் தொட்டியில் ஊறப்போட்டு மேலே கல் வைப்பது புனிதத்தின் வேலை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த முறை ஓடாவியார் ஒருவருக்கும் சொல்லாமல் இன்னொரு கீற்றைக் களப்புத் தண்ணீரில், தன் வள்ளத்தின் அடியில் கட்டி ஊறவைத்தார். ஒருவர் கண்ணும் படவில்லை. காலையில் மகள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தொட்டியில் கிடந்ததை விறகுக்குள் எறிந்துவிட்டு இதைக் கொண்டுவந்து போட்டார்.

கீற்று குழாயில் பட்டதும் சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. தோள் வளைவு வந்தது. இனி இடுப்பு.

ஓடாவியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெடி, வெடியாதே என்று மனம் இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டது. கை தன்பாட்டில் வேலையைப் பார்த்தது.

வாட்டிய வாழையிலை போலக் கீற்று வளைந்து கொடுத்தது.

கிற்றார் வடிவைக் கோடு கீறிய பலகையில் வைத்துப் பார்த்தார். மயிரிழை விலகவில்லை. இனிப் பிள்ளை இந்த வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி மகளைப் பார்த்தார்.

புனிதத்தின் முகத்தில் இரத்தமில்லை. துணியிலிருந்து தண்ணீர் பாவாடையில் வடிந்துகொண்டிருந்தது.

"அப்பு... இது ஏன் வெடிக்கேல்லை?"

ஓடாவியார் முன்பு வெடித்த கீற்றுகளை நினைத்துப் பார்த்தார். மேலெல்லாம் ஈரம், வெடித்த வாயில் மட்டும் காய்ந்த நார். அதைக் கண்டுவிட்டு வெயிலைக் குறை சொன்னார், மரத்தைக் குறை சொன்னார், கடைசியில் ஊரின் நாக்கையும் குறை சொன்னார். பிள்ளை கல்லைத் தூக்கிக் கீற்றை வெளியே எடுத்துக் காயவிட்டு, அவர் வருகிற நேரம்தான் திரும்ப நனைத்திருக்கிறாள்.

போகமாட்டேன் என்று வாயால் சொல்ல அவளுக்கு வழியில்லை. இத்தனை நாளும் பலகையை வைத்துச் சொல்லியிருக்கிறாள், தகப்பனுக்குத்தான் விளங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, சரிவந்திட்டுதோ?" குசினிக்குள்ளிருந்து யூலிற்றா கேட்டாள்.

ஓடாவியார் வளைந்த கீற்றை எடுத்தார். இப்படியொரு வளைவு இனித் தன் கைக்கு வாய்க்குமோ என்று ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு முழங்காலில் வைத்து முறித்தார்.

"வெடிச்சிட்டுது யூலிற்றா. இனி என்னால ஏலாது. பிள்ளை இஞ்சை இருக்கட்டும், மாதாவோட நான் கதைச்சுக்கொள்ளுறன்."

புனிதம் ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. ஓடாவியார் சண்டைக்கு ஆயத்தமாக எழுந்து நின்றார். நேர்த்தி வைத்தவள் சும்மா விடுவாளா?

சண்டை வரவில்லை. ஒருவருக்கும் கேட்காதென்று நினைத்து யூலிற்றா மெல்லச் சொன்னது கிடுகுத் தட்டியைத் தாண்டி வெளியே வந்தது.

"மாதாவே, தோத்திரம்."