டேப்பின் மறுமுனை

வேலைக்கு விலை குறிப்பதற்கு முன் வரைபடத்தை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது அருளப்பனின் வழக்கம். வரைபடத்தில் இந்தச் சின்ன அறைக்கு உள்ளே தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் இரண்டு இருந்தன. விளக்கின் சுவிட்சும் வெளியேதான். ஜன்னலை அடைத்து, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை.

"வரைஞ்சவங்க மாத்திப் போட்டுட்டாங்க போல சார்."

"சரியாத்தான் இருக்கு. அப்படியே ரேட் போடுங்க," என்றார் வீட்டுக்காரர்.

"ஸ்டோர் ரூமுங்களா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்." சொல்லிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "சாருக்கு டேப்பைப் பிடி."

அவள் உள்ளே போய், டேப்பின் முனையை எதிர்ச்சுவரில் வைத்துப் பிடித்தாள். வாசலில் நின்றபடி அருளப்பன் அளவைக் குறித்துக்கொண்டான்.

"போதும்மா, விட்டுடுங்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனையை விடவில்லை.