பத்தாவது விரல்

முந்திரி ஆலையில் உடைக்கும் கொட்டைகளின் ஓட்டு எண்ணெய் தவமணியின் விரல் ரேகைகளைத் தின்றுவிட்டிருந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டை முகாமில் இயந்திரம் அவளுடைய பத்து விரல்களையும் மறுத்தது. அட்டை கிடைத்தால்தான் மகள் யாழினியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்க முடியும்.

"டெல்லியில திட்டம் போட்டாங்க, எங்க கையில இந்த மெஷினைக் குடுத்துட்டாங்கக்கா" என்றாள் பதிவு செய்யும் ஷகிலா. "கைக்கு ஓய்வு குடுத்தா ரேகை திரும்ப வரும். பன்னெண்டாம் நாள் கடைசி முகாம்."

அன்றே தவமணி இரு கைகளிலும் தேங்காய் எண்ணெய் தடவி வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டாள். ஆலைப் பெண்கள் முறைவைத்து வந்து சமைத்தார்கள், அவளுக்குத் தலை பின்னினார்கள்.

"மகாராணிக்கு முதுகு சொறியணுமா?" என்றாள் தலை பின்னிக்கொண்டிருந்த எஸ்தர்.

"சொறிடி. நகம் படாம சொறி."

யாழினி சோறு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ஏழாம் நாள் அவள் வாசற்படியில் தடுக்கி விழ, தவமணி தூக்க ஓடினாள்.

"நானே எந்திரிப்பேன். நீ கையை மேல தூக்கு!" என்று அதட்டினாள் யாழினி. அவள் எழுந்து நிற்கும்வரை தவமணி இரண்டு வெள்ளைப் பொதிகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் முகாமில் துணியை அவிழ்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்பது விரல்களுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. ஷகிலா துப்பட்டாவால் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். "இன்னும் ஒண்ணு இருக்குல்லக்கா."

யாழினி அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி மூன்று முறை ஊதினாள். பிறகு அதைக் கண்ணாடியில் வைத்து, மேலிருந்து அழுத்திப் பிடித்தாள். திரையில் சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"எடுக்காதம்மா."

தவமணி எடுக்கவில்லை.