துரைசானியின் மரியாதை

“துரைசானியம்மா ஊட்டுல இல்லை, கண்ணாயி” என்றார் பட்லர் அருணாசலம். அவர் கையிலிருந்த தட்டில், ஒற்றைக் கோப்பைத் தேநீரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

கண்ணாயி பங்களா வாசலில் மூச்சிரைக்க நின்றாள். அரியூர் நாட்டு மலைக் கிராமத்திலிருந்து மேடும் பள்ளமுமாக ஓடி வந்தவள்.

“எங்கீங்க போயிருக்காங்க? எப்ப வருவாங்க?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது. ஊட்டுல இல்லைன்னு சொல்லிட்டா, வெள்ளைக்காரங்க ஊர்ல வந்தவங்க மறுபேச்சுப் பேசாமத் திரும்பிப் போயிருவாங்க. அதான் அவங்க மரியாதை.”

“மரியாதை பாக்குற நேரமாங்க இது? எங்கூட்டுக்காரரை ஃபாரஸ்ட்டு கார்டுங்க புடிச்சுட்டாங்க. ஈட்டி மரம் வெட்டுனாருன்னு கையில விலங்கு மாட்டிட்டாங்க. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு எறக்கிட்டாங்கன்னா அப்புறம் கோர்ட்டு, ஜெயிலுதானுங்க!”

அருணாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மரம் யாருக்காக வெட்டப்பட்டது என்பது அவருக்கும் தெரியும்.

போன மாதம் துரைசானிதான் கண்ணாயியின் புருஷன் அப்பாசாமியைக் கூப்பிட்டு, விருந்தாளிகளை உட்கார வைத்துச் சாப்பாடு போட ஒரு நல்ல மேசை செய்ய வேண்டும், ஈட்டி மரம் கொண்டு வா என்றாள். அது சர்க்கார் காட்டு மரம், கைவைக்கக் கூடாது என்று அவன் தயங்கினான். “நான் இருக்கு. பயம் வேண்டாம்” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர்கள் ஊரில் கைகுலுக்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி என்று துரையும் பக்கத்தில் நின்று சிரித்தார்.

இன்று காலை அப்பாசாமி அதைச் சொன்னபோது கார்டுகள் யாரும் நம்பவில்லை. “துரைசானியம்மா வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுடறோம்” என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தை கிடைக்குமா என்ற சந்தேகமே கண்ணாயிக்கு வரவில்லை. தேன் கொண்டுவரும் போதெல்லாம் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்பவள் துரைசானி. கூடையை இறக்கி வைத்ததற்குக்கூட ‘தேங்க்யூ’ சொல்வாள். ஒருநாள் தெரியாமல் கண்ணாயியின் காலை மிதித்துவிட்டு, பதறிப்போய் ‘சாரி’ என்றாள். காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்ட முதல் மனுஷி என்று கண்ணாயி அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அவள் கண் தேநீர்க் கோப்பைமேல் விழுந்தது.

“ஏனுங்க, துரைதான் சேலம் போயிருக்காரே. அம்மாவும் இல்லைன்னா இது யாருக்குங்க?”

அருணாசலம் தட்டோடு உள்ளே நகர்ந்தார். “நீ போயிரு, கண்ணாயி. சொன்னாக் கேளு” என்று கதவைச் சாத்தினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் இல்லாமல் ஒரு மனிதன் இப்படிப் பொய் சொல்வானா? கார்டுகளிடம் காட்டிக் கொடுத்ததே இந்த ஆள்தான், அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மறைக்கிறான். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

விடுவிடுவென்று பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினாள்.

ஆரஞ்சு மரத்தடியில், பிரம்பு நாற்காலியில் துரைசானி உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அம்மா! இங்கதான் இருக்கீங்களா! உங்க பட்லரு வாய்கூசாமப் பொய் சொல்றாருங்க. நீங்க ஊட்டுலயே இல்லைங்கறாரு!”

துரைசானி எழுந்து நின்றாள்.

“எங்கூட்டுக்காரரை மலையெறக்கிக்கிட்டு இருக்காங்கம்மா. மரம் நீங்க கேட்டதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓடி வந்தா மலைப்பாதை வளைவுலயே புடிச்சிரலாம். வாங்கம்மா!” கண்ணாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துரைசானி முகம் சுளிக்கவில்லை. எப்போதும் போலவே சிரித்தாள். பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், தன் கையிலிருந்து விலக்கினாள்.

“சாரி, கண்ணாயி” என்றாள் மெல்ல. “நான் வீட்டிலே இல்லே.”