பக்கத்து ட்ரெட்மில்

நான் தண்ணீர் குடிக்க இறங்கியதில், பக்கத்து ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவர் தடாலென்று விழுந்தார்.

நான் குடிக்கும் தண்ணீருக்கும் அவர் விழுவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் அப்பாவியாகத்தான் நின்றேன். பிறகு குனிந்து என் பனியனைப் பார்த்தேன்.

ஓடுகிறவர் தடுமாறினால் இயந்திரம் தானாக நிற்பதற்கு ஒரு சிவப்புக் கயிறு வைத்திருக்கிறார்கள். ஒரு முனை இயந்திரத்தில் இருக்கும்; அது பிடுங்கிக்கொண்டால் பெல்ட் சட்டென்று நின்றுவிடும். மறுமுனையின் கிளிப்பை நம் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். என்னுடைய கயிறு என் இயந்திரத்திலேயே சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மாட்டியிருந்தது அவருடையதை.

உயிரைக் காப்பாற்ற வைத்த கயிற்றை வைத்தே ஒரு மனிதரை விழத்தட்டியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

ஆனால் பாதித் தப்பு அவருடையது. வரிசை முழுக்கக் காலி. புத்தாண்டுக்குச் சேர்ந்த கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவியிலும் அன்று அதையேதான் சொன்னார்கள்: நாட்டில் ஜிம்மில் சேருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்களாம், ஜிம்முக்கு வருகிறவர்கள்தான் கூடவில்லையாம்.

இத்தனை காலியிடத்திலும் இந்த மனிதர் தினமும் என் பக்கத்தில்தான் வந்து ஏறுவார். நான் ஜன்னலோரம் போனால் ஜன்னலோரம். கழிவறைப் பக்கம் ஒதுங்கினால் அங்கேயும்.

ஒரு வணக்கம் கிடையாது. ஒரு தலையசைப்பு கிடையாது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓடுவார். அப்படி என்ன பேரழகு என்று நானும் எட்டிப் பார்த்ததுண்டு. இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வழுக்கை.

நான் வேகத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். குறைத்தால் குறைப்பார். நான் இறங்கிய பிறகுதான் இறங்குவார்.

என்னை ஜெயிக்கத்தான் வருகிறார் என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து நான் ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. உங்கள் பரம்பரைக்கே நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் பயமுறுத்தியும், மனைவி கெஞ்சியும் வராத ஒழுக்கம் வீம்பில் வந்தது.

“அண்ணா!”

கத்தியது நான்தான் என்பது கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஓடிவந்த ஜிம் மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். “அண்ணனா? என்ன சார் இது, இத்தனை நாளா பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க மாதிரில்ல ஓடிட்டிருந்தீங்க!”

கூடப் பிறந்த அண்ணன்தான். அப்பா இறந்துபோன அந்த வாரத்தில் ஆரம்பித்த சண்டை. காரணம் இருவருக்கும் அலுத்துப்போய்விட்டது. யார் முதலில் பேசுவது என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மாஸ்டர் ஐஸ் எடுக்கப் போனார். அண்ணன் நின்றுபோன பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்புக் கயிறு இன்னும் என் பனியனில்தான் தொங்கியது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் வேறு எதுவோ வந்தது.

“இவ்ளோ எடம் காலியா கெடக்கே, ஏன்ணா என் பக்கத்துலயே வந்து ஏறி உயிரை வாங்கறே?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அப்பா வாக்கிங் போன எடத்துல விழுந்தப்போ, பக்கத்துல நம்மள்ல ஒருத்தன்கூட இல்லடா.”