தலைவர் பேசுகிறார்

“கேமராவைப் பார்க்காதீங்கம்மா. என்னைப் பார்த்துச் சொல்லுங்க” என்றான் சுரேந்தர்.

சுஜாதா பட்டுப் புடவைத் தலைப்பை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெளியே உத்தனப்பள்ளி ரோடு வரைக்கும் கார்கள் நின்றன. கூட்டத்தில் பாதிப் பேர் ‘அமைச்சர்’ என்றார்கள், மீதிப் பேர் தெலுங்கில் ‘மந்திரிகாரு’ என்றார்கள். அவள் வீட்டுக்காரர் சம்பங்கிக்கு நாளைக்கு டெல்லியில் பதவிப் பிரமாணம். மத்தியானம் பெங்களூரில் விமானம் ஏற வேண்டும்.

அந்த அவசரத்திலும் அவர் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். “வீடியோ எடுக்க வருவாங்க. நீ தலைவரா இருந்ததைப் பத்தித்தான். நல்லாப் பேசு” என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

அவளைப் பற்றி. அதை அவள் குளிக்கும்போதும் நினைத்தாள், பூ வைக்கும்போதும் நினைத்தாள்.

எல்லாம் ஊராட்சித் தேர்தலில் தொடங்கியது. தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சம்பங்கி நிற்க முடியாது. அதனால் சுஜாதா நின்றாள். போஸ்டரில் அவர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டார். அவள் படம் மூலையில், பூட்டு சாவிச் சின்னத்துக்குப் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக இருந்தது.

ஜெயித்தது அவள். மாலை அவருக்கு விழுந்தது.

ஐந்து வருஷமும் ஊருக்குத் தலைவர் என்றால் சம்பங்கிதான். கிராம சபையில் பேசியது அவர். கொடி ஏற்றியது அவர். அவள் ‘தலைவர் வீட்டம்மா’. காகிதங்கள் அடுப்படிக்கு வரும். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அங்கிருந்து ஒன்றியச் செயலாளர். பிறகு எம்.எல்.ஏ. பிறகு எம்.பி. எந்த மேடையிலும் ‘ஊராட்சித் தலைவரா ஆரம்பிச்சவன் நான்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து அவளும் கை தட்டுவாள்.

“அந்த அஞ்சு வருஷம் ஊராட்சியை நடத்தினது யாருங்கம்மா?” என்று கேட்டான் சுரேந்தர்.

பழக்கத்தில் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“இவங்கதாங்க தலைவர்” என்றார் சம்பங்கி. “நான் அந்த ஆபீஸ் வாசப்படியை மிதிச்சதில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அவ்ளோ தைரியம்!”

சுஜாதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடிதான் அந்த ‘இவங்க’ காதில் உறைத்தது.

கல்யாணமான நாளில் இருந்து அவளை ‘ஏ’ என்று கூப்பிட்ட வாய். மந்திரி ஆகப் போகிற நாளில் மனசு இளகிவிட்டதோ என்னவோ.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு தானாக வந்தது.

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் ஒருமுறை, வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே இருங்கள், தலைவிகள் மட்டும் உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் எழுந்து நின்று கேட்டாள். கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்தில் விளக்கு இல்லை. சானமாவுக் காட்டில் இருந்து யானை வந்து நின்றால்கூடத் தெரியாது. ஒரு விளக்கு போடுங்கள்.

விளக்கு வந்தது. அவள் கேட்டு வந்த விளக்கு.

ஸ்விட்சைப் போட்டவர் சம்பங்கி என்பதை அவள் சொல்லவில்லை. ‘ரொம்பப் பேசறே நீ’ என்று காரில் திட்டு வாங்கியதையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகச் சொல்லப்பட்டதையும் சொல்லவில்லை.

சம்பங்கி தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எல்லா முடிவும் நீங்களே எடுத்தீங்களா?” என்றான் சுரேந்தர்.

“நானேதாங்க.”

“கம்பெனிக் கழிவை ஏரியில கொட்டிக்கலாம்னு தீர்மானம் போட்டதும்?”



அந்த ஏரி இப்போதும் நுரை தள்ளுகிறது. தண்ணீர் குடித்த கன்றுகள் செத்தன. குழந்தைகளுக்குக் காலெல்லாம் புண். களி கிண்டிய கையோடு போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் படிக்கவில்லை. படிக்கவும் விடவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால், இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். இந்தப் பையன் முன்னால், ஒன்றும் தெரியாத தலைவர் வீட்டம்மாவாக மறுபடியும் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும்.

சம்பங்கி அவளைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவள் இதற்கு முன் வாங்கியதே இல்லை.

“ஆமாங்க. என் முடிவுதான்” என்றாள். “யாரையும் கேக்கல.”

சம்பங்கி அவள் தோளில் லேசாகத் தட்டிவிட்டு வெளியே போனார். கோஷம் எழுந்தது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி பெங்களூர்ப் பக்கம் போயின.

சுரேந்தர் ஸ்டாண்டை மடக்கினான்.

சுஜாதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். “எந்த சேனல்ல வரும் தம்பி? கல்லாவியில எங்கம்மா இருக்காங்க, பாக்கச் சொல்லணும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“சேனலாம்மா? நான் வக்கீல் ஆபீஸுங்க. ஏரி கேஸு திங்கக்கிழமை வருது. சாருக்கு அதுல சம்பந்தமில்லன்னு கோர்ட்டுல காட்டறதுக்குத்தான் இது.” அவன் தயங்கினான். “சார் உங்ககிட்ட சொல்லலீங்களா?”

சுஜாதா புடவைத் தலைப்பை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சொன்னாருப்பா” என்றாள்.